ஐஸ் பெட்டிக்குள் போட்ட உப்பு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். இரக்கத்தையும் இறக்கத்தையும் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போய்விடுவேன், படிக்கிறவர்கள்தான் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐஸ் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல்களுக்குப் பேனா நிற்கவும் மாட்டேன் என்கிறது. ஆனாலும் இதை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதும்போது எதிரில் உட்கார்ந்து யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் பிளாண்டில் எனக்கு வேலை. கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மீன் கெடாமல் இருக்க எங்களிடம்தான் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அதற்குள் தகர கேன்கள் வரிசையாக இறங்கி நிற்கும். கேனுக்குள் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் தான் உறையாது, கேனில் இருக்கிற நல்ல தண்ணீரை உறைய வைத்துவிடும். உறைந்ததும் கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கேனைத் தூக்குவது, கவிழ்ப்பது, பாரை இழுத்துப் போய் அரவை மெஷினில் தள்ளுவது, இதுதான் என் வேலை. மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் வேறு ஆள். அவர் அறைக்குள் நான் அதிகம் போனதில்லை. ஐஸ் சரியாக உறையவில்லை என்றால் அவர் அங்கிருந்தே கத்துவார்.

"உப்பு பத்தலடா, ரெண்டு மூட்டையத் தட்டு!"

நாங்கள் கல்லுப்பு மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவோம். அடுத்த முறை ஐஸ் பாறை மாதிரி நிற்கும். இவ்வளவு வருடம் ஐஸோடு கிடந்தும் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

என் ஒரே மகளைக் குளத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். வீட்டில் அவருடைய அம்மாவும் என் மகளும் மட்டும்தான். சம்பந்தியம்மா நல்ல மாதிரி. நறுக்கென்று பேசுவார்கள், மனதில் ஒன்றும் இருக்காது. என்னை அண்ணே என்று கூப்பிடுவார்கள். நான் அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. கூப்பிட வேண்டிய நேரம் வந்தால் லேசாக இருமுவேன், அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளையல் அடுக்கி முடிந்ததும் பெண்ணைப் பெற்ற தகப்பன் வெற்றிலைத் தட்டைச் சம்பந்தி வீட்டாரிடம் நீட்டி, "பொண்ண அனுப்பி வைங்க" என்று சபையில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். தகப்பன் கேட்டால்தான் அனுப்புவார்கள். ஆனால் சம்பந்தியம்மாவுக்கு அனுப்ப அவ்வளவாக இஷ்டம் இல்லை. போனில் என் மனைவியிடம் இழுத்து இழுத்துப் பேசியிருந்தார்கள். "ஒங்களது ஷீட்டு வீடு. இந்த வெக்கையில வயித்துப்புள்ளக்காரி எப்படித் தாங்குவா? இங்கிட்டுன்னா டாக்டரம்மா பக்கத்துல" என்று. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

"அப்பா, எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்ப்பா. அம்மா பக்கத்துல இருக்கணும். துணியெல்லாம் பொட்டியில எடுத்து வச்சுட்டேன். நீங்க கேட்டாத்தான் அத்தை விடுவாங்க. கூச்சப்பட்டுக்கிட்டு நிக்காம வாயத் தொறந்து கேட்டுருங்கப்பா."

"கேக்குறேன் தாயி" என்றேன்.

அது மீன்பிடி தடைக்காலம். படகுகள் கரையில் நின்றன, பிளாண்டும் ஓடவில்லை, எனக்கு வேலை இல்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லாததால் பந்தல் போட, பாத்திரம் இறக்க ஓர் ஆண் துணை வேண்டும் என்று சம்பந்தியம்மா என்னை முன்கூட்டியே வரச் சொன்னார்கள். என் மனைவியும் உறவுக்காரர்களும் விசேஷத்தன்று வேனில் வருவதாகப் பேச்சு. நான் அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று பஸ் மாறி மாறிச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார்கள்.

"வாங்கண்ணே, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தப் பிரிட்ஜு இருக்கே, இது ஐஸ் போட மாட்டேங்குது. ஒரு வாரமா மொரண்டு புடிக்குது."

அது மாப்பிள்ளை போன லீவில் வந்தபோது வாங்கிப் போட்ட பிரிட்ஜ். பீரோ மாதிரி உயரம். அதற்குள் ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும், தானாக ஐஸ் போடும் என்று வாங்கியபோதே எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"கம்பெனிக்குப் போன் பண்ணுனா நாளன்னைக்கு ஆளனுப்புறேங்குறான். நாளன்னைக்கு நமக்கு விசேஷம். வாரவுகளுக்கு ரோஸ்மில்க் குடுக்கலாம்னு பாலுக்கெல்லாம் சொல்லி வச்சுட்டேன். ஐஸ் இல்லாம அதை யாரு குடிப்பா? நீங்க கொஞ்சம் என்னன்னு பாருங்கண்ணே. ஐஸுலயே பொழங்குற ஆளு, ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாதுங்க என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாக்குறேங்க."

மகள் காபி கொண்டு வந்தாள். அவள் அத்தை அந்தப் பக்கம் நகர்ந்ததும் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா?"

"பாப்போம்."

"தெரியலன்னா விட்டுருங்க. மெக்கானிக்கு வந்து பாத்துக்குவான்."

"பாக்கத்தானே போறேன். தொட்டாலே ஒடஞ்சுருமா?" என்றேன். அவளிடம் மட்டும்தான் என்னால் இப்படிப் பேச முடியும்.

அவர்கள் இரண்டு பேரும் பூக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதாகத் தெருமுனைக்குக் கிளம்பியபோது நான் பிரிட்ஜைத் திறந்தேன். அதற்கு முன் யார் வீட்டுப் பிரிட்ஜையும் நான் திறந்தது கிடையாது. எங்கள் வீட்டில் பிரிட்ஜும் கிடையாது. அடுத்தவர் பீரோவைத் திறப்பது போல் கை கூசியது. பிளாண்டில் மெஷின்காரர் என்ன செய்வாரோ அதையே செய்து பார்த்தேன். முதலில் காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் சத்தம் சீராக வந்தது. கையை உள்ளே வைத்தேன். நல்ல குளிர். தண்ணீர் டப்பாவை எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. மோட்டாரும் குளிரும் தண்ணீரும் சரியாக இருந்தும் ஐஸ் மட்டும் இல்லை.

மேல்தட்டில் கூரையை ஒட்டினாற்போல் ஒரு தட்டு இருந்தது. அடியிலிருந்து பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. மேலே மூடியிருந்ததால் குழிக்குள் தண்ணீர் இருக்கிறதா, ஐஸ் இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்தத் தட்டுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, காலியாக. பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கோழிக்கறிப் பொட்டலத்தைத் திணித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். மேலே இருக்கிற குழிகள்தான் கேன். கீழே இருக்கிற பெட்டிதான் தொட்டி. எங்கள் பிளாண்டையே யாரோ சுருக்கிச் செய்து உள்ளே வைத்த மாதிரி இருந்தது. அந்தத் தொட்டி காய்ந்து கிடக்கிறது. தொட்டியில் உப்பு இல்லாமல் கேனில் எப்படி ஐஸ் உறையும்?

கறிப் பொட்டலத்தை எடுத்து வேறு தட்டில் வைத்தேன். பெட்டியை உருவித் துடைத்தேன். அடுக்களைக்குள் போய்க் கல்லுப்பு ஜாடியைத் தேடி எடுத்து, இரண்டு கை அள்ளிப் பெட்டியின் அடியில் பரப்பினேன். தண்ணீர் ஊற்றலாமா என்று யோசித்தேன். ஊற்றினால் வழிந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். பெட்டியைத் திரும்பத் தள்ளும்போது அந்தக் கம்பி இடித்தது. அதைக் கீழே அமுக்கிவிட்டுப் பெட்டியைச் சரியாகப் பொருத்தினேன். அவர்கள் திரும்பி வந்தபோது நான் வாசலில் பந்தல் கால்களுக்குக் குழி அளந்துகொண்டிருந்தேன்.

"பாத்தீங்களாண்ணே?"

"ஒரு இது பண்ணியிருக்கேங்க. காலையில பாருங்க."

என்ன செய்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அடுக்களையில் ஒரே சத்தம்.

"போட்டுருச்சு! ஐஸ் போட்டுருச்சுடி! ஒங்கப்பா கைய வச்சாரு, போட்டுருச்சு!"

சம்பந்தியம்மா குவைத்துக்கு வீடியோ கால் போட்டு மகனிடம் சொன்னார்கள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "சூப்பர் மாமா, என்ன பிரச்சனையாம்?" என்று கேட்டார். நான், "ஒண்ணுமில்லங்க மாப்ள, சின்னதுதான்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். ஐஸை யாரும் தொடக்கூடாது, விசேஷத்துக்குப் பெட்டி நிறைய வேண்டும் என்று சம்பந்தியம்மா கதவைச் சாத்தினார்கள். நானே போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பெண்கள் நிற்கிற அடுக்களைக்குள் போய்க் கேட்காமல் பிரிட்ஜைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதோடு, பந்தல் வேலையும் இருந்தது.

அன்றைய நாளை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். வழக்கமாக அந்த வீட்டில் சுவர் ஓரமாக உட்காருவேன். அன்றைக்கு நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். சம்பந்தியம்மாவின் அண்ணன், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மத்தியானம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் என் தோளில் கை போட்டு, "அப்ப நீங்க ஐஸ் டாக்டருன்னு சொல்லுங்க சம்மந்தி" என்றார். நான் சிரித்தேன். சாப்பிடும்போது இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினேன். அந்த வீட்டில் நான் எதையும் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. மகள் பரிமாறிக்கொண்டே என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"நெசமாவே சரி பண்ணிட்டீங்களாப்பா? நான் நம்பவே இல்ல தெரியுமா?"

"பின்ன?" என்றேன்.

மறுநாள் விசேஷம். காலையிலேயே வேன் வந்துவிட்டது. என் மனைவி வளையல், கலவை சாதத் தூக்குகள், பழத்தட்டு எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். மகளை மனையில் உட்கார வைத்துப் பெண்கள் கன்னத்தில் சந்தனம் பூசி ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். ஆண்களெல்லாம் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். திறந்திருந்த கதவு வழியாகக் கூடமும் அதற்கு அப்பால் அடுக்களை வாசலும் தெரிந்தன. கண்டக்டர் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக்காரன் வர ரெண்டு நாள் ஆகுமின்னான். சம்மந்தி வந்து ஒரே ராத்திரியில ஐஸ் போட வச்சுட்டாரு."

அப்போது சம்பந்தியம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். கீழே ரோஸ்மில்க் குண்டான். கையில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. அதை அப்படியே குண்டானுக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தார்கள். கலகலவென்று ஐஸ் கட்டிகள் விழுந்தன.

பெட்டியிலிருந்து.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. ஐஸ் போடும், ஐஸ் போடும் என்று அவர்கள் அவ்வளவு நாளும் சொன்னது கீழே போடுவதை. பிளாண்டில் ஐஸ் போடுகிறோம் என்றால் உறைய வைக்கிறோம் என்று அர்த்தம். உறைந்ததைக் கேனோடு தூக்கிக் கவிழ்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் நான். ஆளே இல்லாமல் கேன் தானாகக் கவிழும், ஐஸ் தானாகப் பெட்டியில் வந்து விழும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. அந்தப் பெட்டியின் அடியில் நான் அள்ளிப் பரப்பிய உப்பு ஐஸோடு ஐஸாகப் பாலுக்குள் போனது.

எழுந்து கத்தியிருக்கலாம். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு வார்த்தை போதும். கண்டக்டர் சம்பந்தியின் கை என் தோளில் இருந்தது. நான் பாதி எழுந்தேன். "என்ன சம்மந்தி, தண்ணி வேணுமா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன்.

முதல் தம்ளர் மனையில் இருந்த என் மகளுக்கு. அடுத்த தம்ளர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற முறையில் கண்டக்டர் சம்பந்திக்கு வந்தது. அவர் ஒரே மடக்காக வாயில் ஊற்றினார். அடுத்த நிமிடம் எழுந்து ஓடிப் பந்தலுக்கு வெளியே துப்பினார்.

"என்னத்தா இது! கடத்தண்ணியப் புடிச்சாந்து காய்ச்சுனீங்களா?"

உள்ளே பெண்கள் பக்கமும் சத்தம் வந்தது. யாரோ ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்கள். பால் திரிந்துவிட்டது என்றார்கள் சிலர். எசன்ஸ் பழசாக இருக்கும் என்றார்கள். சம்பந்தியம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு பெட்டியை எடுத்துப் பார்த்தார்கள்.

"உப்பு! பொட்டிக்குள்ள உப்பு கெடக்கு! எவ பாத்த வேலை இது?"

நான் கதவு வழியாக மகளைப் பார்த்தேன். இரண்டு கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம், கையில் அந்தத் தம்ளர். ஒரு வாய் குடித்திருப்பாள் போல. அவளும் என்னைத்தான் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்ளரைத் தூக்கி, கண்ணைக்கூடச் சுருக்காமல் அடி வரைக்கும் குடித்தாள். குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு அத்தை."

"புள்ளத்தாச்சி வாய்க்கு மண்ணும் ருசிக்கும்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் குடித்த ஒவ்வொரு மடக்கும் என் தொண்டையில் இறங்கியது போல் இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முதுகில் பையோடு கம்பெனி மெக்கானிக். "பிரிட்ஜு கம்ப்ளைன்ட்டு இங்கதானுங்களே?" என்றார். சம்பந்தியம்மா அவரை நேராக உள்ளே கூட்டிப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் பாதிக் கூட்டம் பின்னால் போனது. கண்டக்டர் சம்பந்தி என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மெக்கானிக் திறந்து பார்த்தார்.

"ஓடுதே! நல்லாத்தானே ஓடுது."

"முந்தாநாள் வரைக்கும் ஓடல தம்பி."

"இந்தக் கம்பி மேல தூக்கிக்கிட்டு இருந்திருக்கும்மா. பொட்டி நெறஞ்சா கம்பி மேல ஏறும், ஐஸ் விழுறது நின்னுரும். அதுக்குத்தான் அது. நீங்க ஏதாச்சும் பொட்டலத்தத் திணிச்சு வச்சிருப்பீங்க, அது கம்பியத் தூக்கிவிட்டுருச்சு. மேல ஐஸ் உறஞ்சுதான் கெடந்திருக்கும், கீழ விழல, அவ்வளவுதான். கம்பிய எறக்கி விட்டா முடிஞ்சுச்சு." பெட்டியைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "இதுல யாருங்க உப்பு போட்டது? இது மீன் பொட்டி இல்லைங்க."

"நான்தாங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

கண்டக்டர் சம்பந்தி ஆரம்பித்தார்.

"உப்பா? ஏன் சம்மந்தி, ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் போடுறீங்களா, ஊறுகா போடுறீங்களா?"

அடுக்களை அதிரச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. மாட்டிக்கொண்டவன் வேறு ஆளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் அண்ணன், தன் சொந்தக்காரர்கள், எல்லோர் முன்னாலும் தன் வீட்டுப் பாலைத் துப்பும்படி ஆகிவிட்டது அவர்களுக்கு. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

சாப்பாடு முடிந்தது. நல்ல நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். என் மனைவி வெற்றிலைத் தட்டைக் கொண்டு வந்து என் கையில் திணித்தாள்.

"போய்க் கேளுங்க."

"நீ கேளேன்."

"நான் கேக்கக் கூடாதுங்க. நீங்கதான் கேக்கணும். அவ பொட்டியோட நிக்கிறா பாருங்க."

மகள் அறை வாசலில் நின்றாள். பெட்டி அவள் காலடியில் இருந்தது. சம்பந்தியம்மா கூடத்தின் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் எதிரில் போய் நின்றேன். பொண்ண அனுப்பி வைங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? ஒரு பிரிட்ஜையே இந்த லட்சணத்தில் பார்த்தவன், நிறைமாதம் ஆகப்போகிற பெண்ணைக் கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஷீட்டு வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"கேக்க வேண்டியவரு வாயத் தொறக்கலையே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

நான் சொன்னேன். "எனக்கு ஐஸ் போடத் தெரியாதுங்க. நான் கேன் தூக்குறவன். மெஷினெல்லாம் வேற ஆளு பாக்குறாரு. தெரியாமத்தான் செஞ்சுட்டேன்."

சிரிக்கப் போனவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"பொண்ண..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

சம்பந்தியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தட்ட நேராப் புடிங்கண்ணே, வெத்தல விழுது" என்றார்கள்.

அவர்கள் எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள்.

"கேட்டுட்டீங்க, அனுப்புறேன். கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. அங்க அவளுக்குத் தலைவலின்னாலும் சரி, கால் வீங்கினாலும் சரி, எனக்குப் போன் பண்ணுங்க. ஒரு விஷயம் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நீங்களாப் பாத்து எதையும் செஞ்சுராதீங்க."

"சரிங்க."

"உப்பு ஒறப்பெல்லாம் ஒங்க வீட்டம்மாவப் போடச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர் சம்பந்தி. திரும்பவும் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சம்பந்தியம்மாவும் சிரித்தார்கள். என் மனைவிகூடச் சிரித்தாள்.

வேனில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பள்ளம் மேட்டில் வண்டி குதிக்கும்போதெல்லாம் வளையல் சத்தம் கேட்டது. புதுக்கோட்டை தாண்டியதும் கேட்டாள்.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா? நான்தான் சொன்னேன்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூக்கம் வருகிற மாதிரி கண்ணை மூடினேன். அவளும் விட்டுவிட்டாள்.

வெக்கையில் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மத்தியானத்தில் ஈரத்துணியைத் தரையில் விரித்துப் படுப்பாள். சம்பந்தியம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு நான் விசிறியோடு உட்கார்ந்திருப்பேன். கால் லேசாக வீங்கியதற்கே போன் செய்தேன். "அது எல்லாருக்கும் வீங்கும்ண்ணே" என்றார்கள். ஆவணியில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தையைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா, எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "காபியில சீனிதானே போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரிலும் விஷயம் பரவிவிட்டது. தடை முடிந்து பிளாண்ட் ஓட ஆரம்பித்த அன்றே ஒருத்தன், "மாமா, சம்மந்தி வீட்டுக்கு ஒரு மூட்டை ஏத்தி விடவா?" என்றான். தொட்டியில் உப்புக் கொட்டுகிற வேலை வந்தால் இப்போதெல்லாம் நான் மற்ற ஆட்களைக் கொட்டச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

மகள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எதிரில் நின்றால் வாய் வருவதில்லை. அதனால் இதை எழுதி அவள் பெட்டியில் வைக்கப் போகிறேன்.

தாயி, உன்னைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து போகிறேன். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்பார்கள். ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் ஒரு யோசனை சொல்லுங்கள் என்றோ, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றோ என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் முதன்முதலாக உன் அத்தை என்னிடம், ஒங்களுக்குத் தெரியாததா என்று கேட்டார்கள். நீ அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் காதில் விழும்படி, எனக்குத் தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை. அதற்காக நீ அந்தப் பாலைக் குடிக்க வேண்டி வந்துவிட்டது.

புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை, மத்தியானம்.